12.07-க்கு வந்த மரம்

சென்ற இதழில் பேட்ரிக் நெஸ் எழுதிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ என்ற ஆங்கிலச் சிறுவர் நாவலைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தேன். அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிய நாட்களில், 13 வயதுப் பையன் ஒருவனின் ஜன்னலுக்கு இரவு 12.07-க்கு ஒரு மரம் நடந்து வரும் கதை. பத்து வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதம் முழுவதும் அதற்கே போய்விட்டது. ‘அபிதான சிந்தாமணி’யின் பழைய பதிப்பைப் பற்றிக் கேட்ட மயிலாடுதுறை அன்பர் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: எனக்கு மார்பகப் புற்றுநோய். நான்கு கீமோ முடிந்திருக்கிறது. இன்னும் நான்கு இருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. இருவரிடமும் ‘அம்மாவுக்கு அல்சர்’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது என்கிறார்கள் கணவரும் மாமியாரும். நீங்கள் எழுதிய நாவலை வாங்கிக் கொடுத்தால் மகள் தானே புரிந்துகொள்வாளா?
— வாசகி, நீடாமங்கலம்

புரிந்துகொள்வாள் அம்மா. என் பயமே அதுதான். உங்கள் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒரு புத்தகத்தைத் தூது அனுப்பப் பார்க்கிறீர்கள். அந்தத் தூதர் என்ன செய்தி கொண்டுவருவார் தெரியுமா? கதையின் முடிவைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: அந்த நாவலில் அம்மா இறந்துவிடுகிறாள். நீங்கள் வைத்தியத்தின் பாதி வழியில் இருக்கிறீர்கள். உங்கள் கதை வேறு. அல்சர் என்று நம்பவைக்கப்பட்ட பெண் இதைப் படித்தால் உங்களிடம் வந்து கேட்க மாட்டாள். போர்வைக்குள் படுத்துக்கொண்டு தானே ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். குளியலறைத் தண்ணீர் போகும் வாயில் சுருண்டு கிடக்கும் முடியைப் பார்த்திருப்பாள். அல்சருக்கு முடி கொட்டாது என்பது ஆறாம் வகுப்புக்குத் தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த உறவினர்கள் அவள் தலையைத் தடவி ‘ப்ச்’ கொட்டியிருப்பார்கள். உங்களுக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு ஒதுக்கியிருந்தால் அதையும் கவனித்திருப்பாள். அம்மாவைத் தொட்டால் தனக்கும் வந்துவிடும் என்று நினைத்துத் தள்ளிப் படுக்கத் தொடங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. நம் ஊரில் புற்றுநோயைப் ‘பெரிய வியாதி’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோம். அந்தத் தாழ்ந்த குரல்தான் பிள்ளைகளின் காதில் உரக்க விழுகிறது.

அந்த நாவலில் என்னைப் பிடித்துக்கொண்ட இடம் மரம் வரும் இடம் அல்ல. கானர் என்ற அந்தப் பையன் ஓர் இரவு பாட்டியின் வரவேற்பறையை, பாட்டி போற்றி வைத்திருக்கும் கடிகாரம் உட்பட, அடித்து நொறுக்கிவிடுகிறான். பாட்டி வந்து பார்க்கிறாள். திட்டவில்லை. ஓர் ஓலம் எழுப்பி, மிச்சம் நின்றுகொண்டிருந்த ஒரே அலமாரியையும் தன் கையால் இழுத்துத் தள்ளிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பிறகு பள்ளியில் சக மாணவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அளவுக்கு அடிக்கிறான். அங்கேயும் தண்டனை கிடையாது. பாவம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத பிள்ளை! தண்டிக்கக்கூட ஆளில்லாமல் போவது எவ்வளவு பெரிய தனிமை என்று எனக்கு அந்தப் பக்கத்தில்தான் உறைத்தது. எல்லாரும் அவனிடம் ‘பேச வேண்டும்’ என்கிறார்கள், ஒருவரும் பேசுவதில்லை.

ஆகவே முதலில் நீங்கள் பேசுங்கள். கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். மாமியார் கோபித்துக்கொண்டால் ஒரு வாரத்தில் சரியாகிவிடுவார். மகளிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள். அது ஒட்டாது என்று சொல்லுங்கள். அவள் செய்த எதனாலும் அது வரவில்லை என்று, அவள் கேட்காவிட்டாலும், சொல்லுங்கள். ‘நான் அன்றைக்கு எதிர்த்துப் பேசியதால்தான்’ என்று நம்பிக்கொண்டு திரியும் பிள்ளைகளை நூலகத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த கீமோவுக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் யார் இரட்டைச் சடை போட்டுவிடுவார்கள், தம்பியைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் கவலையில் பாதி இதுதான். ‘செத்துப்போய்விடுவாயா அம்மா’ என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். மருந்து எடுத்துக்கொள்கிறேன், டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், எது மாறினாலும் உன்னிடம் மறைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். பையனுக்கு இதில் இரண்டு வாக்கியம் போதும். அவன் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடுவான். அது அலட்சியம் இல்லை, ஆறு வயது.

புத்தகம்? முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு மகளுக்கு வேண்டுமா என்று பார்ப்போம். இப்போதைக்கு சி. எஸ். லூயிஸின் ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’வைச் சிபாரிசு செய்வேன், 1955-இல் வந்தது. அதிலும் படுக்கையில் கிடக்கும் அம்மா உண்டு, மகன் தூர உலகத்திலிருந்து ஓர் ஆப்பிள் கொண்டுவருகிறான், அம்மா பிழைக்கிறாள். எழுதியவருக்கு ஒன்பது வயதிலேயே, 1908-இல், தாய் புற்றுநோயில் போய்விட்டார். தனக்குக் கிடைக்காத ஆப்பிளை ஐம்பது வயது தாண்டிய பிறகு கதையில் பறித்துக் கொடுத்திருக்கிறார்.

எதை வாங்கினாலும் மருந்துபோல நேரம் பார்த்துப் புகட்டாதீர்கள். நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. அலமாரியில் கை எட்டும் தட்டில் வையுங்கள். அதுவாக அவளைத் தேடிக்கொள்ளும்.

கேள்வி: சிறுவர் கதை என்றால் மகிழ்ச்சி தர வேண்டாமா? சாவையும் நோயையும் பிஞ்சு மனதில் ஏற்றுவது மேலைநாட்டு வழக்கம் அல்லவா?
— ஓர் ஆசிரியர், திருத்துறைப்பூண்டி

ஐயா, நீங்கள் கோயில் திருவிழாவில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்ததில்லையா? பாம்பு கடித்துச் செத்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வரும் இடம் விடியற்காலை மூன்று மணிக்கு வரும். முன்வரிசைப் பாயில் தாய் மடியில் அரைத்தூக்கத்தில் கிடக்கும் பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்ட கதையை என் பாட்டி நெல் புடைத்துக்கொண்டே சொல்வார். மேலைநாட்டிலிருந்து நாம் இறக்குமதி செய்தது, பிள்ளைகளுக்கு எப்போதும் பலூன் படம்தான் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தை.

கேள்வி: கதையில் வரும் ‘யூ’ மரம் நம் பக்கம் உண்டா? அதிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுப்பது உண்மையா?
— வாசகர், மன்னார்குடி

உண்மை. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்துதான் பாக்லிடாக்சல் என்ற மருந்து முதலில் கிடைத்தது. மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்களுக்கு நம் ஆஸ்பத்திரிகளிலும் சொட்டு சொட்டாக ஏறுவது அது. நாவலிலும் அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுத்துப் பார்ப்பது யூ மரத்து மருந்து. அது கைகொடுக்கவில்லை என்றதும் பையன் மரத்திடமே சண்டைக்குப் போகிறான்.

யூ மரம் நம் சமவெளியில் வராது. ஆனால் அதைப் போலவே புற்றுநோய்க்கு மருந்து தரும் செடி ஒன்று உங்கள் வீட்டு வேலியோரமே இருக்கும்: நித்தியகல்யாணி. இங்கிலாந்தில் யூ மரம் நிற்பது தேவாலயத்துக் கல்லறைத் தோட்டங்களில். நம்மவர்கள் நித்தியகல்யாணிக்கு வைத்த இன்னொரு பெயர் சுடுகாட்டு மல்லி. இரண்டும் விஷம், இரண்டும் மருந்து. இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் இந்தச் செடியிலிருந்துதான் வருகிறது. உடனே இலையைப் பறித்து அரைக்கப் போய்விடாதீர்கள்! ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். வீட்டில் அரைத்துக் குடித்தால் கிடைப்பது விஷம் மட்டுமே. இதை யாராவது கைவைத்தியம் என்று சொல்லிக்கொண்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒரு கோடை விடுமுறையில் உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குத் தமிழில், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயமாகச் சொன்னேன். 1931-இல் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போன பகுதி அது, நான் டி.வி.எஸ். 50-இல் போனேன். நம் ஊரில் எந்த மரம் நடந்து வரும் என்று கேட்டேன். புளியமரம் என்றது ஒரு கூட்டம். அதில்தான் முனி இருக்கிறதாம். ஒரு சிறுமி மட்டும் தென்னை என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயலில், அவர்கள் கொல்லைத் தென்னைகள் பதினொன்றும் சாய்ந்தனவாம். ‘எங்கள் வீட்டு மரம் எல்லாம் எழுந்து வந்தால் அப்பா சிரிப்பார்’ என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கேள்வி: எனக்கு 12 வயது. அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. புதனும் சனியும் டயாலிசிஸ். சனிக்கிழமை நான்தான் பஸ்ஸில் கூடப் போகிறேன். அப்பா நிறையத் தண்ணீர் குடிக்கக் கூடாது. அவர் எதிரில் குடித்தால் கத்துகிறார் என்று கொல்லைப்பக்கம் போய்க் குடிக்கிறேன். சில சமயம் இது எல்லாம் முடிந்துபோனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. பிறகு அழுகை வருகிறது. நான் கெட்டவனா? உங்கள் கதையில் வரும் பையன் கெட்டவனா?
— மாணவன், வலங்கைமான்

தம்பி, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீயும் கெட்டவன் இல்லை, அவனும் இல்லை. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பாய். கேள்.

1969-இல் எனக்கு 11 வயது. அம்மாவை மெட்ராஸுக்கு வைத்தியத்துக்கு அழைத்துப் போனார்கள். என்னை முத்துப்பேட்டையில் அத்தை வீட்டில் விட்டார்கள். ‘அம்மா கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள்’ என்றார்கள். மூன்று மாதம் நடக்கும் கல்யாணம்! அத்தை நல்லவர்தான். ஆனால் இரவில் தண்ணீர் வேண்டுமென்றால் எந்த இருட்டில் எந்தக் குடம் என்று தெரியாது, கேட்கவும் கூச்சம். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தது: தந்தி வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருள், வந்துவிட்டால் என்னை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஒரு மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் தந்திச் சேவகரின் சைக்கிள் மணி கேட்டது. ‘நமக்காக இருக்கட்டும்’ என்று நினைத்தேன். சைக்கிள் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. எட்டாம் நாள் நின்றது.

அதை நான் 45 வருடம் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட. 2014-இல் மகள் இந்த நாவலை வாங்கி வந்தாள். மரம் கானரிடம் மூன்று கதை சொல்லும். நான்காவதை அவன்தான் சொல்ல வேண்டும், அது அவன் மறைத்து வைத்திருக்கும் உண்மையாக இருக்க வேண்டும். அவன் சொல்ல மறுத்து மறுத்துக் கடைசியில் சொல்வது நீ எழுதியிருப்பதைத்தான். இது முடிந்துவிட வேண்டும் என்று நினைத்துவிட்டேன் என்கிறான். அதற்கு மரம் திட்டவில்லை. மனது ஒரே நாளில் நூறு தடவை தனக்குத் தானே எதிராகப் பேசும், நினைப்பை வைத்து யாரையும் எடை போடக் கூடாது, செய்வதை வைத்துத்தான் என்கிறது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

நீ முடிய வேண்டும் என்று நினைத்தது அப்பாவை அல்ல, காத்திருப்பதை. செய்வது என்ன? சனிக்கிழமைதோறும் விளையாடப் போகாமல் அவரோடு பஸ் ஏறுகிறாய். அவர் தாகம் தெரிந்து தண்ணீரை மறைத்துக் குடிக்கிறாய்.

அந்தத் தண்ணீர் விஷயத்தை அப்பாவிடமே பேசிப் பார். ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடுகிற இந்த நாளில் டம்ளரை அளந்து குடிப்பது யாருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். அவர் கத்துவது உன்னைப் பார்த்து இல்லை. பேச முடியாவிட்டால் அம்மாவிடமோ, உனக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரிடமோ எனக்கு எழுதியதை அப்படியே காட்டு. 1098 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். அது உன் வயதுப் பிள்ளைகளுக்கானது, காசு கிடையாது.

டயாலிசிஸ் நான்கு மணி நேரம் ஓடுமே, அதுவரை என்ன செய்கிறாய்? வராந்தாவில் உட்கார்ந்து மின்விசிறியை எண்ணிக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். உங்கள் ஊர் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, வரும் சனிக்கிழமை ஒரு புத்தகம் எடுத்துப் போ. தெனாலிராமன் போதும், பெரிதாக ஒன்றும் வேண்டாம். உள்ளே விடுவார்களா என்று நர்ஸிடம் கேட்டுப் பார். ஊசி குத்தியிருக்கும் கையை அசைக்கக் கூடாது என்பதால் அப்பாவால் பக்கம் புரட்ட முடியாது. நீ வாசி, அவர் கேட்கட்டும்.