நடுவில் யாரை உட்கார வைப்பது?

கேள்வி: எட்டு, ஐந்து, இரண்டு வயதில் எங்களுக்கு மூன்று பிள்ளைகள். காரில் ஏறிப் பத்து நிமிடம் ஆவதற்குள் மூத்தவர்கள் இருவருக்கும் கிள்ளல், உதை, கூச்சல். பின் சீட்டில் பிளைவுட்டோ அட்டையோ வைத்துத் தடுப்புப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டாமல் வைத்த பலகை அதே வேகத்தில் முன்னால் பாயும். இறுக்கிக் கட்டியிருந்தாலும், பக்கவாட்டில் மோதும்போது பிள்ளையின் தலை போய் இடிப்பது அதில்தான். அட்டைக்கு அந்த எடை கிடையாது. ஆனால் பெல்ட்டையும் பக்கிளையும் மறைத்துக்கொள்ளும். அது யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று புதுச் சண்டையும் தொடங்கும்.

தடுப்பின் வேலையை, கார் இருக்கைமேல் பொருத்தும் பிள்ளைகளுக்கான சீட்டுகளே செய்துவிடும். சண்டைக்காரர்கள் ஆளுக்கொரு ஜன்னலோரம், கடைக்குட்டி நடுவில். இரண்டு வயதுக் குழந்தை இன்னும் பின்பக்கம் பார்த்த சீட்டில் இருந்தால் ரொம்ப நல்லது. அதன் உயர்ந்த ஓடே நடுச்சுவர். எட்டு வயதுப் பிள்ளைக்கு வெறும் பூஸ்டருக்கு (கார் பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தும் இருக்கை) பதிலாக, முதுகும் தலைக்கு இருபுறமும் இறக்கையும் உள்ள பூஸ்டர் வாங்குங்கள். சாய்ந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. "என்னையே முறைக்கிறான்" என்ற புகாருக்கு வழியில்லை.

ஐந்து வயதுப் பிள்ளையை அவசரப்பட்டு பூஸ்டருக்கு மாற்றாதீர்கள். பூஸ்டரில் உட்காரும் பிள்ளை பயணம் முழுவதும் நிமிர்ந்து இருந்தால்தான் பெல்ட் சரியாகப் படியும். பக்கத்தில் எட்டி அடிக்கச் சாய்கிற பிள்ளை அந்த நொடியில் பெல்ட்டை விட்டு வெளியே இருக்கிறது. எடையும் உயரமும் சீட்டின் வரம்புக்குள் இருக்கும்வரை ஐந்து வார் பூட்டுள்ள சீட்டிலேயே இருக்கட்டும். தோளெலும்புக்கு மேலே வாரைக் கிள்ளிப் பாருங்கள். விரலில் மடிப்புச் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். தடித்த ஸ்வெட்டர் போட்டு இறுக்கினால் இறுகியதுபோல்தான் தெரியும், உள்ளே தளர்ந்தே இருக்கும்.

பெரும்பாலும் திட்டம் கெடுவது அகலத்தில். 44 செ.மீ. அகலமுள்ள மூன்று சீட்டுக்கு 132 செ.மீ. வேண்டும். கதவிலிருந்து கதவு வரை, உட்காரும் மட்டத்தில் ஒரு முறையும் தோள் மட்டத்தில் ஒரு முறையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பிள்ளை சீட்டை மாட்டக் காரிலேயே பொருத்தியிருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, பெரும்பாலான கார்களில் இரு ஓரங்களில் மட்டும்தான். கொக்கியில் மாட்டிய சீட் நகராது. பெல்ட்டில் கட்டியதை ஓரிரு செ.மீ. கதவுப் பக்கம் தள்ளிக்கொள்ளலாம். இடம் பற்றாதபோது அந்த ஓரிரு செ.மீ. பெரிய உதவி. ஆனால் பெல்ட்டில் கட்ட அந்த சீட்டுக்கு அனுமதி உண்டா என்று கையேட்டில் பாருங்கள். கட்டிய பிறகு, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது.

நடு இருக்கையில் இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்தால் அங்கே பூஸ்டர் போடவே கூடாது. இன்னொன்று: பூஸ்டரின் பக்கிள் பக்கத்துச் சீட்டுக்கு அடியில் புதைந்துபோகும். கிளம்புவதற்கு முந்தைய நாளே மூத்த பிள்ளையை உட்காரவைத்து, தானே மாட்டிக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகன் செல்போனில் படம் பார்த்தால் அரை மணி நேரம் அமைதி. பிறகு காரணமில்லாமல் சிடுசிடுப்பு, தங்கையை அடிப்பது, கடைசியில் வாந்தி. என்ன செய்ய?

பதில்: காரணம் அந்தத் திரைதான். கண்ணுக்கு எதிரே படம் ஒரே இடத்தில் நிற்கிறது. உள்காதோ உடம்பு அசைகிறது என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. 2 முதல் 12 வயதுக்குள் இது அதிகம். கொட்டாவி, முகம் வெளிறுதல், சிடுசிடுப்பு ஆகியவை வாந்திக்கு முன்பே வந்துவிடும். அதைக் குறும்பு என்று நினைத்து அதட்டுவதால் பயனில்லை. திரைக்குப் பதில் காதால் கேட்கும் கதை போடுங்கள். முன்கண்ணாடி வழியாகத் தூரத்தைப் பார்க்கட்டும், வெளிக்காற்று வரட்டும். வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். 2 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்தி இறக்கிவிடுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் வயதும் எடையும் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பெண், ஓடும் காரில் பக்கிளைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்கிறாள். பக்கிளை மூடும் கவர் வாங்கலாமா?

பதில்: சீட் தயாரிப்பாளரே அனுமதித்ததைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள், விபத்தில் உதவிக்கு வருபவருக்கு அதைத் திறக்கத் தெரியாது. முதலில் வார்கள் தளர்ந்திருக்கின்றனவா, கழுத்தில் உரசுகின்றனவா என்று பாருங்கள். கழற்றினால், ஒவ்வொரு முறையும், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், மாட்டினால்தான் வண்டி நகரும். ஓட்டுபவர் திரும்பிப் பார்த்துக் கைநீட்டி மாட்டிவிட முயலவே கூடாது. 60 கி.மீ. வேகத்தில் 2 நொடி திரும்பினால் கார் 33 மீட்டர் ஓடியிருக்கும். பின்கதவுகளின் சைல்ட் லாக்கையும் போட்டுவையுங்கள்; கதவின் விளிம்பில் இருக்கும் அந்தச் சிறு திருகை இரு பக்கமும் தனித்தனியாகத் திருப்ப வேண்டியிருக்கும்.