செலவைப் பார்த்து வரவைக் கணிப்பவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

சிக்கனமாக வாழ்பவர்களின் பொருளாதார நிலையைப் பிறர் எப்படிக் கணிக்கிறார்கள் என்பது குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம்; வருமானத்துக்குக் குறைவில்லை. ஆனால் சிறிய வீடு, பழைய இருசக்கர வாகனம், தேவைக்கு மட்டும் துணிமணி என்று வாழ்கிறோம். உறவினர்களில் சிலர் நாங்கள் கடனில் மூழ்கிவிட்டதாக எண்ணி இரக்கப்படுகிறார்கள். வேறு சிலரோ எங்கோ நிலமாக வாங்கிக் குவித்திருப்பதாகப் பேசுகிறார்கள். ஒரே வாழ்க்கையைப் பார்த்து நேர்மாறான இரண்டு முடிவுகளுக்கு எப்படி வருகிறார்கள்?

பதில்: முடிவுகள் நேர்மாறாகத் தோன்றினாலும் அவை பிறக்கும் இடம் ஒன்றுதான். ஒரு குடும்பத்தின் பொருளாதார நிலையில் வரவு, செலவு, சேமிப்பு, கடன் என்று நான்கு கணக்குகள் இருக்கின்றன. அவற்றுள் வெளியார் கண்ணில் படுவது செலவு மட்டுமே, அதிலும் வீடு, வாகனம், உடை போன்ற வெளிப்படையான செலவு மட்டுமே. காப்பீட்டுக்குக் கட்டும் பணமும், அடைத்து முடித்த கடனும், ஓய்வுக் காலத்துக்கென்று ஒதுக்கிய தொகையும் யாருக்கும் தெரிவதில்லை. மாதந்தோறும் ஒரே அளவு செலவிடும் மூன்று குடும்பங்களில் ஒன்று வரவில் பாதியைச் சேமிக்கலாம், இன்னொன்று வந்ததையெல்லாம் செலவழிக்கலாம், மற்றொன்று வட்டிக்கு வாங்கி அந்த நிலையைத் தக்கவைத்துக்கொண்டிருக்கலாம். தெருவில் நின்று பார்ப்பவருக்கு மூன்று வீடுகளும் ஒரே மாதிரிதான் தெரியும்.

தெரியாத மூன்று கணக்குகளையும் தெரிந்த ஒன்றிலிருந்து ஊகிக்கும்போது, பார்ப்பவர் தம்முடைய பழக்கத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார். "இவ்வளவு சம்பளம் எனக்கு வந்திருந்தால் இந்நேரம் கார் வாங்கியிருப்பேன், இவர்கள் வாங்கவில்லையே, அப்படியானால் பணம் எங்கே போகிறது?" என்று கேட்டுக்கொள்கிறார். அந்தக் கேள்விக்கு அவருக்குத் தோன்றும் விடைகள் இரண்டு: பணம் கடனுக்குப் போகிறது, அல்லது எங்கோ பதுங்குகிறது. வாங்க முடிந்தும் வேண்டாமென்று இருந்துவிட்டார்கள் என்ற மூன்றாவது விடை எளிதில் தோன்றுவதில்லை. இதில் நான் கவனித்த ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் இன்னதென்று ஊருக்குத் தெரிந்தவர் சிக்கனமாக இருந்தால், சேர்த்துவைத்திருக்கிறார் என்ற பேச்சு வரும். வியாபாரமோ சொந்தத் தொழிலோ செய்து, வருமானம் வெளியே தெரியாதவர் அதே போல் இருந்தால், தொழிலில் நட்டம் என்ற பேச்சு வரும். உங்கள் உறவினர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்திருப்பதற்கு, உங்கள் இருவருடைய சம்பளம் அவர்களுள் சிலருக்குத் தெரிந்தும் சிலருக்குத் தெரியாமலும் இருப்பதே காரணமாக இருக்கலாம்.

பிறர் காணும்படி செய்யும் செலவு ஒருவருடைய தகுதியை அறிவிக்கும் வழியாக இருப்பதையும், அவ்வாறு செலவிடாதவர் தகுதியிற் குறைந்தவராக எண்ணப்படுவதையும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தார்ஸ்டைன் வெப்லன் 1899ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். அறிமுகமில்லாதவர்கள் நெருங்கி வாழும் நகரங்களில் இந்த வழக்கம் வலுப்பெறும் என்பதும் அவருடைய கருத்து. நம்மை வேறு வகையில் அறியாதவர்களுக்கு நம்முடைய உடைமைகளைத் தவிர வேறு சான்று கிடையாது அல்லவா?

இந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதற்குச் சுங்க வரியில்லாக் கடைகள் நடத்திய நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான சக் ஃபீனியின் வாழ்க்கையைச் சொல்லலாம். மலிவான கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, விமானத்தில் சாதாரண வகுப்பில் பயணம் செய்தவர் அவர். 1984ஆம் ஆண்டில் நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கை வெளியுலகுக்குத் தெரியாமல் ஓர் அறக்கட்டளைக்கு மாற்றிவிட்டார். இதை அறியாத ஃபோர்ப்ஸ் பத்திரிகை 1988ஆம் ஆண்டில் அவரைப் பெரும் பணக்காரர்களின் பட்டியலில் சேர்த்தது. 1997ஆம் ஆண்டில்தான் உண்மை வெளிவந்தது. கடிகாரத்தைப் பார்த்தவர் அவரை நடுத்தர வருவாய்க்காரர் என்று நினைத்திருப்பார். கணக்குப் பார்த்த பத்திரிகையாளர்களோ பெருஞ்செல்வர் என்று நினைத்தார்கள். ஒருவருக்கு அவருடைய வரலாறு தெரியாது, மற்றவர்களுக்கு அவர் கொடுத்துவிட்டது தெரியாது.

ஆகவே உறவினர் எல்லோருடைய எண்ணத்தையும் திருத்தும் முயற்சியில் இறங்காதீர்கள். அவர்களுடைய தவறான எண்ணத்தால் யாருக்காவது இழப்பு உண்டாகிறதா என்று மட்டும் பாருங்கள். இரக்கப்பட்டு, தமக்கே போதாத நிலையில் உங்களுக்கு உதவ முன்வரும் ஒரு பெரியவர் இருந்தால் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

கேள்வி: ஆடம்பரம் இல்லாமல் வாழ்வதால் என்னிடம் பணம் சும்மா கிடக்கிறது என்று என் அண்ணனும் நண்பர்களும் நினைக்கிறார்கள். அடிக்கடி கைமாற்றுக் கேட்கிறார்கள். மறுத்தால், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்ற பெயர் வருகிறது. தாராளமாகச் செலவழிக்கும் என் தம்பியிடம் யாரும் கேட்பதில்லை; அவன் இல்லை என்றால் உடனே நம்புகிறார்கள். இது என்ன நியாயம்?

பதில்: நியாயம் இல்லை, ஆனால் காரணம் இருக்கிறது. உங்கள் தம்பியின் பணம் செலவாவதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆகவே அவர் இல்லை என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குச் சாட்சி இருக்கிறது. உங்கள் பணமோ எங்கும் போவதாகத் தெரியவில்லை. செலவாகாத பணம் எதற்கும் தேவைப்படாத பணம் என்று பிறர் முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் சேமிப்பில் பெரும்பகுதி நாள் குறிக்கப்பட்ட பணம்: பிள்ளையின் உயர்கல்வி தொடங்கும் ஆண்டு, ஓய்வு பெறும் ஆண்டு, எப்போது வரும் என்று தெரியாத மருத்துவச் செலவு என்று ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. தம்பி இன்று செலவழிப்பதை நீங்கள் பத்து ஆண்டுகள் கழித்துச் செலவழிக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

மறுக்கும்போது "என்னிடம் பணமே இல்லை" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது பொய் என்பது ஒரு பக்கம் இருக்க, உங்களைச் சுற்றியிருப்பவர்கள் அதை நம்பவும் மாட்டார்கள். பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. "இருக்கிறது, ஆனால் ஒரு காரியத்துக்கு ஒதுக்கியது, அதைத் தொட முடியாது" என்று சொல்லுங்கள். இது ஒருமுறையில் யாரையும் திருப்திப்படுத்தாது என்றாலும், கேட்பவர் வேறு எவரிடமாவது சொல்லிக் குறைப்படும்போதும் உங்களைப் பற்றிய சரியான செய்தியே பரவும்.

இத்துடன், ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைத் திரும்பி வராவிட்டாலும் கவலையில்லை என்ற எண்ணத்தோடு தனியே வைத்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு உண்மையான நெருக்கடி என்றால் அதிலிருந்து கொடுங்கள், எழுதி வைத்துக் கொடுங்கள். அந்தத் தொகை தீர்ந்த பிறகு கேட்பவர்களிடம், இந்த ஆண்டுக்குக் கொடுக்க ஒதுக்கியது முடிந்துவிட்டது என்று மனச்சாட்சி உறுத்தாமல் சொல்ல முடியும். கருமி என்ற பெயர் இதனால் முற்றிலும் மறையும் என்று நான் உறுதி கூறவில்லை. கடன் கிடைக்காதவர் கொடுக்கும் பட்டம் பெரும்பாலும் அவருடைய ஏமாற்றத்தின் அளவாகவே இருக்கும்.

கேள்வி: அலுவலக நண்பர்கள் என்னைப் பண வசதி இல்லாதவன் என்று நினைத்து, வெளியே போகும்போதெல்லாம் என் பங்கையும் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். நான் திருத்தவில்லை. அவர்களாகவே செய்வதுதானே?

பதில்: திருத்த வேண்டும், அடுத்த முறையே. அவர்கள் கொடுப்பது உங்களுக்கு இல்லாத ஒரு கஷ்டத்துக்காக. உங்களைவிடக் குறைந்த வருமானமும் கூடுதலான தவணைகளும் உள்ளவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராவது இருக்கக்கூடும். வெளியே போவது வீண் என்று கருதினால் போகாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. போனால் உங்கள் பங்கை நீங்கள் கொடுங்கள். பிறர் பணத்தில் நடக்கும் சிக்கனத்துக்கு நல்ல பெயர் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: இருபது ஆண்டுகளாக யாரிடமும் கடன் வாங்காமல், இருப்பதைக் கொண்டு வாழ்ந்தவன் நான். இப்போது வீடு வாங்கக் கடன் கேட்டால், என்னைப் பற்றிய கடன் வரலாறு இல்லை என்று தயங்குகிறார்கள். நாணயமாக வாழ்ந்ததற்குத் தண்டனையா?

பதில்: தண்டனை இல்லை, குருட்டுத்தனம் என்று சொல்லலாம். உறவினர்களுக்குச் செலவு மட்டும் தெரிவதைப் போல, கடன் மதிப்பெண் கணக்கிடும் நிறுவனங்களுக்கு நீங்கள் வாங்கிய கடனும் அதைத் திருப்பிய ஒழுங்கும் மட்டுமே தெரியும். சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது பொதுவாக அந்த மதிப்பெண்ணில் சேர்வதில்லை. எனவே கடனே வாங்காதவர் அவர்கள் பார்வையில் நல்லவரும் அல்லர், கெட்டவரும் அல்லர், தெரியாதவர். கடன் அட்டை ஒன்றைப் பெற்று, எப்படியும் செய்யவேண்டிய சிறு செலவுகளை அதன் வழியே செய்து, ஒவ்வொரு மாதமும் கெடு நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவந்தால் வரலாறு உருவாகத் தொடங்கும். வைப்புத் தொகையை ஈடாக வைத்துச் சிறு கடன் பெற்று அடைப்பதும் ஒரு வழி. அவசரம் என்றால், சம்பளச் சான்றுகளையும் பல ஆண்டு வங்கிக் கணக்கு விவரங்களையும் நேரில் கொண்டுபோய், மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் ஆவணங்களையும் பரிசீலிக்கக்கூடிய அதிகாரியிடம் பேசிப் பாருங்கள்.

கேள்வி: என் பெற்றோர் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழிப்பதைப் பார்த்து வளர்ந்தேன். நாங்கள் ஏழைகள் என்றே நம்பினேன். அவர்களுக்குச் சுமையாகக் கூடாது என்று விரும்பிய படிப்பை விட்டுவிட்டு, செலவு குறைந்த ஒன்றில் சேர்ந்தேன். படிப்பு முடிந்த பிறகு, என் கல்விக்கென்றே போதிய பணம் சேர்த்து வைத்திருந்ததாக அம்மா சொன்னார். கோபப்படுவது தவறா?

பதில்: தவறில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் வருத்தியது உங்களுடையதுதான். ஊரார் தவறாக எண்ணினால் அது வெறும் பேச்சு. ஒரே வீட்டில் வாழ்பவர் தவறாக எண்ணினால் அந்த எண்ணத்தின் மீது முடிவுகள் எடுக்கப்படுகின்றன. நீங்கள் எடுத்த முடிவு தியாகம், ஆனால் அந்தத் தியாகத்தை யாரும் கேட்கவில்லை. உங்கள் அம்மாவுக்கும் இது தெரிந்தபோது வலித்திருக்கும். பணம் சேர்த்ததே உங்கள் படிப்புக்காக என்னும்போது, அது சேர்ந்துகொண்டிருந்ததைச் சொல்லாமல் விட்டதால் சேர்த்ததன் பயன் கைக்கு எட்டாமல் போயிற்று.

சொல்லாமல் இருப்பதற்குப் பெற்றோர் கூறும் காரணங்கள் எனக்குத் தெரியும். பணம் இருப்பது தெரிந்தால் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வாங்குவார்கள், வெளியே சொல்லிவிடுவார்கள் என்பவை அவை. சிறு பிள்ளைகளுக்கு இது பொருந்தலாம். ஆனால் அவர்களிடமும் தொகையைச் சொல்லாமல் நிலையைச் சொல்ல முடியும். "நமக்குத் தட்டுப்பாடு இல்லை, இதை வேண்டாம் என்பதற்குக் காரணம், அதைவிட வேண்டிய ஒன்றுக்குச் சேர்க்கிறோம்" என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வயது வந்த பிள்ளையிடம் தொகையையே சொல்லிவிடுவதுதான் முறை, ஏனென்றால் அந்தத் தொகையை வைத்துத்தான் அவர் முடிவெடுக்கிறார்.

பெட்ரோல் நிலையத்திலும் பின்னர் ஒரு கடையில் துப்புரவுப் பணியாளராகவும் வேலை பார்த்த அமெரிக்கர் ரொனால்ட் ரீட், 2014ஆம் ஆண்டில் தம் 92ஆம் வயதில் இறந்தபோது ஏறத்தாழ 80 லட்சம் டாலர் மதிப்புள்ள சொத்தை விட்டுச் சென்றார். அதன் பெரும்பகுதியை உள்ளூர் மருத்துவமனைக்கும் நூலகத்துக்கும் எழுதிவைத்திருந்தார். குடும்பத்தாருக்கே அது வியப்பான செய்தியாக இருந்தது. இச்செய்தியை எல்லோரும் போற்றியே எழுதினார்கள், போற்றத் தக்கதுதான். என்றாலும், அவர் தெளிவான உயில் எழுதிவைத்திருந்தார் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. உயிலும் இல்லாமல், துணைவருக்கும் தெரியாமல், வெவ்வேறு கணக்குகளில் சேமித்துவைத்துவிட்டு ஒருவர் திடீரென்று மறைந்தால், அந்தப் பணம் யாருக்கும் உதவாமல் கேட்பாரற்றுக் கிடக்கும். உங்கள் பெற்றோரிடம் கோபம் தணிந்த பிறகு நீங்கள் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்: எந்தெந்தக் கணக்குகள், எவை காப்பீடுகள், யார் பெயரில் நியமனம் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருவருக்காவது தெரியும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன படிப்பைப் பகுதி நேரமாகத் தொடர முடியுமா என்பதையும் அப்போதே கேட்கலாம். அந்தப் பணம் இன்னும் இருக்கிறது அல்லவா?

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் வயதான தம்பதியர் மிக எளிமையாக வாழ்கிறார்கள். கேட்டால், எங்களுக்கு இதுவே போதும் என்கிறார்கள். அது சிக்கனமா, இல்லாமையா என்று தெரியவில்லை. உதவ நினைக்கிறேன், ஆனால் அவமதிப்பாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: சிக்கனமானவரை ஏழை என்று நினைப்பதால் விளைவது பெரும்பாலும் சங்கடம் மட்டுமே. ஏழையைச் சிக்கனமானவர் என்று நினைத்துவிட்டால், வரவேண்டிய உதவி வராமலே போகும். மானத்தோடு வாழ்ந்து பழகியவர்கள் தங்கள் இல்லாமைக்குப் போதும் என்ற பெயரைச் சூட்டிக்கொள்வது புதிதல்ல. ஆகையால் உங்கள் ஐயம் பொருளுள்ளதுதான்.

பழைய உடையும் பழைய நாற்காலியும் இதில் எதையும் தெரிவிப்பதில்லை. சிக்கனக்காரர் தள்ளிப்போடக் கூடியதைத்தான் தள்ளிப்போடுவார். தள்ளிப்போடக் கூடாததற்கு உடனே செலவழிப்பார், சொல்லப்போனால் அதற்காகவே சேர்த்திருப்பார். இல்லாதவரால் அப்படிப் பிரிக்க முடியாது. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது, பார்வை மங்கியும் கண்ணாடியை மாற்றாமல் இருப்பது, பல் வலியை மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வது, மின்கட்டணத்தைக் கெடு முடிந்த பிறகு கட்டுவது ஆகியவற்றைக் கவனித்தால், அவர்கள் போதும் என்று சொல்வதன் நிலைமை ஓரளவு விளங்கும். இவற்றிலும் விதிவிலக்குகள் உண்டு; வசதியிருந்தும் மருத்துவரிடம் போக அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி நேராகக் கேட்க வேண்டாம். "நாளை கண் மருத்துவமனைக்குப் போகிறேன், துணைக்கு வருகிறீர்களா, உங்கள் கண்ணையும் காட்டிவிட்டு வரலாம்" என்பது போலத் தேவையைப் பற்றிப் பேசுங்கள். வசதி உள்ளவர்கள் என்றால் செலவை அவர்களே கொடுத்துவிடுவார்கள், உங்களுக்கும் விடை தெரிந்துவிடும். இல்லாதவர்கள் என்றால் தயங்குவார்கள். அப்போது மூத்தோருக்கான அரசு உதவித்தொகையோ இலவச மருத்துவ வசதியோ அவர்களுக்குக் கிடைக்குமா என்று விசாரித்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பணத்தைத் திணிப்பதைவிட அதை அவர்கள் எளிதாக ஏற்பார்கள்.