மழைத்தெருவும் கல்பாலமும்

அன்புள்ள அண்ணாச்சி,

ஓவியர் சிட் மீட் பற்றிய கட்டுரையில் அவரை ‘நாளையை நம்பியவர்’ என்று எழுதியிருந்தீர்கள். அவர் வரைந்து கொடுத்த ‘பிளேடு ரன்னர்’ படம் பார்த்தேன். ஓயாத மழை, இருட்டு, நெரிசல். இதை வரைந்தவருக்கா நம்பிக்கை?

ம., ஆரியங்காவு

அன்புள்ள தம்பி,

அந்த இருட்டு வரைந்தவருடையது இல்லை, வரையச் சொன்னவருடையது. 1982இல் வந்த அந்தப் படத்துக்கு இயக்குநர் ரிட்லி ஸ்காட் அவரை முதலில் கூப்பிட்டது வண்டிகள் வரையத்தான். மீட் வண்டியை மட்டும் வரைந்து கொடுக்கிற ஆள் இல்லை. அது நிற்கிற தெருவையும் சேர்த்தே வரைந்தார். அதைப் பார்த்ததும் தெருவையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவர் மனசு தெரிய வேண்டுமென்றால் 1960களில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்துக்கு வரைந்ததைப் பாருங்கள். ஃபோர்டில் கார் வடிவமைத்துவிட்டு வந்த கை அது. கண்ணாடியாய் மின்னும் வண்டிகள். பக்கத்தில் விருந்துக்குப் புறப்பட்ட மாதிரி ஜனங்கள். ஒருவரும் வண்டியை வாய்பிளந்து பார்ப்பதில்லை. தென்காசி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி பேசிக்கொண்டு நிற்கிறார்கள். அவருடைய நம்பிக்கை என்று நான் சொன்னது அந்த அலட்சியத்தைத்தான்.

ஆனால் அந்தப் படங்களில் வண்டியைக் கழுவுகிறவன் இருக்கமாட்டான். அதனாலேயே எனக்கு ‘பிளேடு ரன்னர்’ மழைத்தெரு ஒரு படி மேல். அங்கே பழைய கட்டடத்தை யாரும் இடிப்பதில்லை. மேலேயே குழாயும் ஒயரும் ஏற்றி, ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். விடிவே இல்லாத ஊரில் எவன் ஒட்டுப்போடுவான்? (கதை நடப்பது 2019 நவம்பரில். மீட் காலமானது அதே ஆண்டு டிசம்பர் 30. அந்தத் தேதியையும் தாண்டித்தான் போனார் மனுஷன்.)

உங்கள் பக்கம் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் இருக்கிறதே, 1904இல் மீட்டர்கேஜ் ரயிலுக்குக் கட்டிய கல்பாலம். அகலப்பாதை போட்டபோது அதை இடிக்கவில்லை. கான்கிரீட்டால் பலப்படுத்தி, 2018இலிருந்து பெரிய ரயிலையே விட்டிருக்கிறார்கள். போன சாரலில் ரோட்டோரம் குடையோடு நின்றிருந்தேன். கல்லெல்லாம் பாசி. மேலே ரயில் ஊர்ந்து போனது. ஜன்னலோரம் ஒரு அம்மா மடியில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். பாலத்தை அவர் திரும்பியே பார்க்கவில்லை.

அன்புடன்,
அண்ணாச்சி