பிளான் பி வாங்க ஐடி கேட்டால்?

நியூ ஜெர்சி மருந்துக்கடையில் பிளான் பி-க்கு (அவசரக் கருத்தடை மாத்திரை) வயது கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது பழைய விதி. 2003-லேயே எஃப்டிஏ-வின் (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) நிபுணர் குழு 23-4 என்ற வாக்குகளில் டாக்டர் சீட்டில்லாமல் விற்கச் சொன்னது. எஃப்டிஏ இழுத்தடித்து 2006-ல் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் சீட்டில்லாமல் என்றது. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் 2013-ல் வயது வரம்பு போனது. அறிவியல் அன்றும் இதேதான், தடுத்தது அரசியல்!

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. என்று அட்டையில் பாருங்கள். பெயர் வேறானாலும் மருந்து அதேதான், விலை குறைவாக இருக்கும். பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடவேண்டும், முடிந்தால் இன்றைக்கே. போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மருந்தாளுநரிடம் கேளுங்கள், மறுபடி போடவேண்டி வரலாம். கடையில் மாத்திரை வைத்த பெட்டி பூட்டியிருந்தால் திறக்கச் சொன்னால் போதும். 72 மணி தாண்டிவிட்டதா? 'எல்லா' (ella) என்ற மாத்திரையை (யூலிப்ரிஸ்டல் 30 மி.கி.) 120 மணி வரை போடலாம், அதற்கு மட்டும் டாக்டர் சீட்டு வேண்டும்.