நாற்பது நிறுவனங்களுக்கு அனுப்பிய டெமோ

மதிப்புக்குரிய அம்மா,

மகன் ஒன்பது பாடல்களின் டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, ஒரே மின்னஞ்சலில் இணைத்து நாற்பது சுயாதீன இசை நிறுவனங்களுக்கு அனுப்பியும் ஒரு பதிலும் வரவில்லை என்றும், இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை என்பதால் ஒதுக்குகிறார்களோ என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படி நான் நினைக்கவில்லை. 2021இல் மாஜா என்ற சுயாதீன நிறுவனம் வெளியிட்ட 'எஞ்சாய் எஞ்சாமி' பாடல் உங்கள் லயக் குடியிருப்பிலும் ஒலித்திருக்கும். பாடகர் அறிவு அதில் எழுதிய வரிகளுக்குப் பின்னால், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியின் வாழ்க்கை இருக்கிறது.

குறை அனுப்பிய முறையில்தான். பெறுநர் வரிசையில் நாற்பது முகவரிகளைக் காண்பவர், மடல் தமக்கென எழுதப்படவில்லை என்று உடனே அறிந்துகொள்வார். சிறிய நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தனி ரசனை உண்டு: நியூயோர்க்கின் டாப்டோன் நிறுவனம் சோல், ஃபங்க் என்னும் இசை வகைகளுக்குப் பெயர்பெற்றது, ஸ்மித்சோனியன் ஃபோக்வேய்ஸ் நாட்டார் இசையைப் பேணுவது. தப்புப் பறையும் கிட்டாரும் சேர்ந்த மகனின் பாடலை இரண்டுக்கும் ஒரே மடலில் அனுப்புவதில் பொருளில்லை. ஆகவே, அவர் நிறுவனங்களின் வெளியீடுகளை முதலில் கேட்டு, தம் பாடல் எவற்றோடு சேர்ந்து நிற்கும் என்று தோன்றுகிறதோ அவற்றுள் ஐந்தாறை மட்டும் தெரிவுசெய்து, டெமோ ஏற்கிறார்களா, எவ்வடிவில் கேட்கிறார்கள் என்பதை அவர்களுடைய தளத்திலேயே பார்த்துவிட்டு, தனித்தனியே எழுதட்டும். வேறு விதமாக அவர்கள் கேட்டிருந்தாலன்றி, சவுண்ட்கிளவுட் என்னும் இசைப் பகிர்வுத் தளத்தில் தனிப்பட்ட இணைப்பாக இரண்டு அல்லது மூன்று பாடல்கள் போதும். மிகச் சிறந்தது முதலில் வரவேண்டும். குரல் நுழையவே ஒரு நிமிடம் எடுக்கும் முன்னிசையைச் சுருக்கலாம்.

தகரக் கூரையில் மழை விழும் ஓசை பதிவில் கேட்பது பற்றி வருந்தியிருந்தீர்கள். டெமோவில் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். குரலை அது மூடினால்தான் மீண்டும் பதிய வேண்டும். மழையில்லாத இரவொன்றில், மெத்தையும் கம்பளியும் தொங்கவிட்ட காம்பராவில் பதிந்தால் கொழும்பு ஸ்டூடியோவுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

பாடல் திருடப்படும் என்ற அச்சத்துக்கு: இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு எதுவும் செய்யாமலே, படைத்த கணத்திலிருந்து பதிப்புரிமை அவருடையது. ஆயினும் தேதியிட்ட மூலக் கோப்புகளை அவர் பாதுகாத்து வைப்பது நல்லது. டெமோவைக் கேட்பதற்கே பணம் கேட்கும் நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

உயர்தரப் பரீட்சையை இதற்காக ஒத்திப்போட வேண்டாம். பதில் வர மாதங்கள் ஆகலாம். ஒப்பந்தம் வந்தால், ஒலிப்பதிவின் உரிமையை முழுதாக எழுதித் தரக் கேட்கிறார்களா, குறித்த ஆண்டுகளுக்கு உரிமம் மட்டும் கேட்கிறார்களா என்பதைச் சட்டத்தரணி ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அவர் கையொப்பமிடக்கூடாது.