காரைக்குடி வீட்டில் தொங்கவிட்ட ஊசல் ஆடும் திசை மணிக்கு 16 டிகிரி திரும்புகிறதே, அது பூமியின் சுழற்சியா?

இல்லைங்க. காரைக்குடி அட்சரேகை சுமார் 10 டிகிரி. பூமி மணிக்குச் சுழலும் 15 டிகிரியை சைன் 10-ஆல் பெருக்கினால், பூமியால் வருவது மணிக்கு 2.6 டிகிரிதான், மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாக. மிச்சம், குண்டு நேர்கோட்டில் ஆடாமல் நீள்வட்டமாக ஆடுவதன் வேலை. உங்கள் 5 மீட்டர் கம்பியில் குண்டு இருபக்கமும் 30 செ.மீ. ஆடும்போது, பக்கவாட்டில் 1 செ.மீ. விலகினாலே ஆடும் தளம் மணிக்கு 13 டிகிரி திரும்பிவிடும்! கையால் விட்டால் இந்த விலகல் வராமல் இருக்காது.

குண்டை நூலால் இழுத்துக் கட்டி, அசைவு முழுக்க அடங்கியபின் நூலைத் தீக்குச்சியால் எரியுங்கள். மேலே கொக்கி வேண்டாம், அது ஒரு திசைக்கு இழுக்கும். கம்பியை டிரில் சக்கில் (துளையிடும் கருவியில் பிட்டைப் பிடிக்கும் பகுதி) இறுக்குங்கள். வளவில் (வீட்டின் நடுக்கட்டில்) முற்றத்துக் காற்று சும்மா விடாது, உள்கூடம் தேவலை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையை வைத்து அளக்காமல் சாக்கட்டிக் கோடு போடுங்கள்: பூமியின் சுழற்சியால் ஒரு மணி நேரத்தில் ஆட்டத்தின் விளிம்பு 1.4 செ.மீ.தான் நகரும்.