காபரே (சிறிய இரவு விடுதியில் கேட்பவர்களுக்கு நெருக்கமாகப் பாடும் நிகழ்ச்சி) பாடகியின் மேடைப் பதிவில் ‘ஸ்டாண்டர்ட்’ என்றால் என்ன? முதிர்ந்த குரலை ஏன் கேட்கிறார்கள்?

பெரும்பாலும் 1920–1950 காலத்தில் நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டு, பலரும் தங்கள் பாணியில் பாடிப் பாடி நிலைத்துவிட்ட பாடல்களே ஸ்டாண்டர்ட். பாட்டி சொல்லும் தெரிந்த கதை மாதிரிதான்: முடிவு தெரியும், எங்கே நிறுத்துகிறார் என்பதற்காகக் கேட்கிறோம்.

காபரே பாடகி மேபல் மெர்சர் 1968இல், 68 வயதில், பாடகரும் பியானோ கலைஞருமான பாபி ஷார்ட்டோடு நியூயார்க் டவுன் ஹால் அரங்கில் பாடிய பதிவைக் கேளுங்கள். குரல் பேச்சுக்கு நெருங்கியிருக்கும். அதனாலேயே ஒவ்வொரு சொல்லும் துலக்கமாக விழும். பாடகி ஒரு சொல்லை இழுத்தால் பியானோ காத்திருக்கும். ஸ்டுடியோவில் ஒரே பாடலைப் பலமுறை பாடிப் பதிந்த டேக்குகளை வெட்டி ஒட்டினால் முதலில் தொலைவது இந்த இழுவைதான்.

காபரே என்றதும் தமிழ்ப் படங்களின் கிளப் டான்ஸ் நினைவுக்கு வரும். ஆனால் மெர்சர் நாற்காலியில் உட்கார்ந்து பாடியவர்.